மலைக்கடைப் பற்று நோட்டில் என் பெயர்

நான் வேலை பார்த்த அமைப்பு மூடப்பட்டதில் எனக்கு வர வேண்டிய கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், கணக்கு எழுதியே வயசானவளுக்கு வேறு மாதிரி தொடங்க வராது. வராத சம்பளம் நான்கு மாதம், 88,000. என் சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்ட பி.எஃப். பத்து மாதம், அவர்கள் பங்கையும் சேர்த்து 36,000. ஒன்பது வருஷத்துக்கான கிராஜுவிட்டி 77,885. "ஃபண்டு வந்ததும் கொடுத்துடலாம்மா" என்ற ஒரு வார்த்தையை நம்பி என் கையிலிருந்து போட்டது 64,300. மொத்தம் 2,66,185 ரூபாய். மாசம் இருபத்திரண்டாயிரம் வாங்கியவளுக்கு இது ஒரு வருஷத்து உழைப்பு. இதில் இன்றைக்கு வரை திரும்பி வந்தது எவ்வளவு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்தது மக்கள் உரிமைக்கான ஒரு பெரிய தொண்டு அமைப்பில். பெயர் வேண்டாம். தலைமை அலுவலகம் வெளியூரில், எங்கள் மண்டல அலுவலகம் சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மாடி வீட்டில். தமிழ்நாடு முழுக்க நூற்றுச் சொச்சம் பேர் சம்பளத்துக்கு இருந்தோம். நான் 2012 ஜூலையில் சேர்ந்தேன், சேலம் அலுவலகக் கணக்கும் ஏற்காடு களப்பணிக்கான நிர்வாகமும் என் பொறுப்பு. சேர்வராயன் மலைக் கிராமங்களில் மலையாளி என்னும் பழங்குடி மக்களுக்குச் சாதிச் சான்று வாங்கித் தருவது, 2006 வன உரிமைச் சட்டத்தில் மனு எழுதுவது, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குக் கலெக்டர் ஆபீஸுக்கு அவர்களைக் கூட்டிப்போவது, இதுதான் வேலை. ஆர்.டி.ஓ. கையெழுத்துப் போட்ட சான்றிதழை ஒரு பத்தாங்கிளாஸ் பெண் கையில் கொடுத்துவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வரும்போது சம்பளம் கம்மி என்பதெல்லாம் மறந்துபோகும். அந்த மறதிதான் என்னை மாட்டிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

எப்படி விழுந்தது என்று பலரும் கேட்கிறார்கள். யாரோ பெட்டியோடு ஓடிவிட்டார்கள் என்று எதிர்பார்க்கிறார்கள். அப்படி யாரும் ஓடவில்லை. எங்கள் டைரக்டர் சார் பத்து வருஷமாக ஒரே தோல் செருப்பில் நடந்தவர், அவர் வீட்டுக்கு ஒரு செங்கல் கூட இந்தப் பணத்தில் போகவில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் 2017இல் குப்பனூர் ரோட்டுப் பக்கம் ஒரு பயிற்சி மையம் கட்ட ஆரம்பித்தார். அதற்கென்று வந்த நிதி பாதிதான், மீதியைக் கைமாற்றாக எடுத்தார்கள். குழந்தைகள் படிப்புக்கு வந்த பணம் கட்டடத்துக்குப் போகும், பெண்கள் குழுவுக்கு வந்த பணம் அந்த ஓட்டையை அடைக்கப் போகும், புதுசாக ஒரு புராஜெக்ட் கிடைத்தால் அதன் முதல் தவணை பழைய புராஜெக்டின் பாக்கிக்குப் போகும். புத்தகத்தில் இதற்கெல்லாம் 'அட்வான்ஸ்' என்று பெயர். நானே எழுதியிருக்கிறேன், என் கையெழுத்திலேயே வவுச்சர்கள் இருக்கின்றன. கேட்டால், "எல்லா என்.ஜி.ஓ.விலும் இப்படித்தான்மா ஓடுது, வருஷக் கடைசியில் நேர் பண்ணிக்கலாம்" என்பார் தலைமைக் கணக்காளர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், நல்ல மனுஷன், வருஷக் கடைசி வந்தால் மட்டும் லீவில் போய்விடுவார்.

இங்கே ஒரு விஷயம். ஒரு வேலைக்கென்று கொடுத்த பணம் அந்த வேலைக்கு மட்டும்தான். பேங்க்கில் நாற்பது லட்சம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அதில் எவ்வளவு எந்த டோனருக்குச் செலவு பண்ணிக் காட்ட வேண்டிய பணம், எவ்வளவு அமைப்புக்கே சொந்தமான பணம் என்று கேளுங்கள். எங்கள் அமைப்பில் 2019 மார்ச்சில் பேங்க்கில் இருந்த பணத்தைவிடத் திட்டங்களுக்குச் செலவழிக்க வேண்டிய பாக்கி அதிகம். அன்றைக்கே நாங்கள் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்த மாதிரிதான், சொல்லிக்கொள்ளாமல் இன்னும் இரண்டரை வருஷம் ஓட்டியிருக்கிறோம். ஆடிட் ரிப்போர்ட்டில் கடைசிப் பக்கக் குறிப்புகளில் அது இருந்தது. நான் வரவு செலவுப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்தவள்.

பிறகு 2020. கொரோனாவில் ஏப்ரல் சம்பளம் பாதி வந்தது, மே முழுசாக வந்தது, மனசைத் தேற்றிக்கொண்டோம். செப்டம்பரில் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தினார்கள். வெளிநாட்டுப் பணம் வாங்கும் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்றார்கள். நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்தது 20 ஆனது. வெளிநாட்டுப் பணம் எல்லாமே டெல்லியில் ஸ்டேட் பேங்க்கின் ஒரே கிளையில்தான் வந்து இறங்க வேண்டும் என்றும் வந்தது. எங்கள் பணத்தில் பெரும்பங்கு இன்னொரு பெரிய அமைப்பு வழியாக வருவது, அது ஒரே நாளில் நின்றது. இன்றைக்கும் எங்கள் ஆட்கள் சந்தித்தால் அந்தச் சட்டம்தான் நம்மைக் கொன்றது என்பார்கள். சட்டம் எத்தனையோ சின்ன அமைப்புகளைத் திண்டாட வைத்தது உண்மை. ஆனால் எங்கள் விஷயத்தில் கைமாற்றுச் சங்கிலியில் அடுத்த கண்ணி வராமல் போனது, அவ்வளவுதான். கையிருப்பு என்று ஆறு மாதச் சம்பளம் தனியாக வைத்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். ஏற்காட்டில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மளிகைக் கடை, ஊர்க்கூட்டம் நடந்தால் அரிசி, பருப்பு, டீத்தூள் எல்லாம் அங்கேதான் கடனுக்கு எடுப்போம். மாசக் கடைசியில் செக் போகும். 2020 நவம்பரிலிருந்து செக் போகவில்லை. மலையில் அப்போது காப்பிப் பழம் பறிக்கிற நேரம், கூலிக்குப் போனவர்களை ராத்திரிதான் கூட்ட முடியும், வருபவர்களுக்குச் சாப்பாடு போடாமல் எப்படி அனுப்புவது? நான்தான் போய் நின்றேன். கடைக்காரர் நோட்டைப் பிரித்து அமைப்பின் பெயரை அடித்துவிட்டு, "இனிமே உன் பேர்ல எழுதிக்கிறேன் கண்ணு, உன்னைத்தான் எனக்குத் தெரியும்" என்றார். அந்த நிமிஷம் பெருமையாக இருந்தது, சத்தியமாக. அது பெருமை இல்லை, ஜாமீன் என்பது அடுத்த வருஷம்தான் உறைத்தது. ஜீப் வாடகை, ஜெராக்ஸ், மனுவுக்கு ஸ்டாம்ப், இரண்டு களப்பணியாளர் அக்காக்களுக்குத் தீபாவளிக்கு ஆளுக்கு மூவாயிரம், இப்படியே போய் 2021 பிப்ரவரியில் மூன்று பவுன் சங்கிலியைச் செவ்வாய்ப்பேட்டையில் அடகு வைத்தேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. கழுத்து வெறுமையாகத் தெரியக்கூடாதென்று கவரிங் போட்டுக்கொண்டு திரிந்தேன். இதை எழுதவே இப்போதும் கூசுகிறது.

ஆகவே, அமைப்புச் செலவுக்கு உங்கள் பணத்தைப் போடாதீர்கள் என்று சொல்ல வேண்டும், ஆனால் சொன்னாலும் போடத்தான் போடுவீர்கள், எனக்குத் தெரியும். அதனால் இப்படிச் சொல்கிறேன். போடுவதற்கு முன்னால் ஒரு மெயில் அனுப்பி, "இந்தத் தேதியில் இவ்வளவு ரூபாய் என் சொந்தப் பணம் செலவாகிறது, ஒப்புதல் வேண்டும்" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவே பதில். நான் எல்லாவற்றையும் போனில் பேசினேன். 64,300க்கு என்னிடம் இருப்பது கடைக்காரரின் நோட்டும் நான் எழுதிய ஒரு டைரியும்தான், அமைப்பு ஒப்புக்கொண்ட ஒரு வரி கூடக் கிடையாது.

பி.எஃப். விஷயம் தற்செயலாகத் தெரிந்தது. 2021 ஜூனில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷனுக்கு முன்பணம் எடுக்கலாம் என்று பாஸ்புக்கைத் திறந்தால் கடைசிப் பதிவு 2020 ஜூலை சம்பளத்துக்கானது. என் பங்கு 1,800, அவர்கள் பங்கு 550, பென்ஷனுக்கு 1,250, அதோடு நிற்கிறது. சம்பளச் சீட்டில் மட்டும் மாசா மாசம் 1,800 பிடித்ததாக அழகாக அச்சாகி வருகிறது. கணக்குப் பார்க்கிற எனக்கே பத்து மாதம் தெரியவில்லை என்றால் மலையில் நடக்கிற அக்காக்களுக்கு எப்படித் தெரியும்? பணம் கட்டுவது தலைமை அலுவலக வேலை என்று நான் எட்டிப் பார்த்ததே இல்லை. எங்கே வேலை பார்த்தாலும் சரி, மாசம் ஒரு முறை உமங் செயலியிலோ பி.எஃப். தளத்திலோ பாஸ்புக்கைப் பாருங்கள். ஒரு மாதச் சம்பளத்துக்கான பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். இரண்டு மாதம் தொடர்ந்து வரவில்லையா, அந்த இடத்தில் பணத் தட்டுப்பாடு என்று அர்த்தம், அவர்கள் வாயால் சொல்ல இன்னும் ஒரு வருஷம் ஆகும். பெரிய சம்பளம் வாங்குகிறவர்கள் வருமான வரி பிடித்தது உண்மையிலேயே கட்டப்பட்டதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். எங்கள் திட்ட மேலாளருக்கு அதுவும் கட்டவில்லை. பிடித்த வரியை முதலாளி கட்டாவிட்டால் ஊழியரிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று அப்போதிருந்த 1961 வருமான வரிச் சட்டத்தின் 205ஆம் பிரிவு சொன்னதாம், அதை வைத்து அவர் எழுதிப் போராடித்தான் தப்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் என்னை ட்ரஸ்டியாகப் போடுகிறோம் என்றார்கள். இரண்டு ட்ரஸ்டிகள் விலகிவிட்டார்களாம், "சும்மா கையெழுத்துதான்மா, ஒன்பது வருஷமா இருக்கிறே, உனக்கில்லாத உரிமையா" என்றார் சார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கப்பா கோஆப்டெக்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒரே கேள்விதான் கேட்டார், "விலகினவங்க ஏன் விலகினாங்கன்னு கேட்டியா?" கேட்கவில்லை. மறுத்துவிட்டேன். என் இடத்தில் கையெழுத்துப் போட்ட தர்மபுரிக்காரத் தம்பிக்குப் பின்னால் பி.எஃப். ஆபீஸிலிருந்து விசாரணைக்குச் சம்மன் போனது, அவனும் நாலு மாசம் சம்பளம் வாங்காதவன்தான்.

2021 செப்டம்பர் 30 சாயங்காலம் நாகலூரில் ஒரு கூட்டம் முடித்துவிட்டுப் பஸ்ஸில் இறங்கிக்கொண்டிருந்தேன். மேலே சிக்னல் இல்லை, கீழே அடிவாரம் நெருங்க நெருங்க போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. வாட்ஸ்அப் குரூப்பில் சார் ஒரு பி.டி.எஃப். போட்டிருந்தார், "வருத்தத்துடன் அறிவிக்கிறோம்" என்று ஆரம்பம். நாளையிலிருந்து அலுவலகங்கள் மூடல். படித்து முடிப்பதற்குள் குரூப்பை யாரும் எழுத முடியாதபடி பூட்டிவிட்டார்கள். பக்கத்து சீட்டில் இருந்தவர் பலாப்பழ மூட்டையைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னார், நான் எதற்கோ அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் காலை அஸ்தம்பட்டி போனால் அலுவலகத்து வீட்டு ஓனர் வேறு பூட்டுப் போட்டிருந்தார். ஏழு மாத வாடகை பாக்கி. கம்ப்யூட்டர், மேஜை போனால் போகட்டும், உள்ளே பச்சை பீரோவில் மலைக்காரர்களின் பழைய பட்டா, சாதிச் சான்று, தாத்தா காலத்துத் தீர்வை ரசீது, ரேஷன் கார்டு, 43 குடும்பத்துக் காகிதங்கள் இருந்தன, பாதிக்குமேல் அசல். மனுவோடு இணைக்க வாங்கியவை, ஜெராக்ஸ் எடுத்துவிட்டு உடனே திருப்பிக் கொடுக்காத சோம்பேறித்தனம் எங்களுடையது. என் பணம் போனதற்கு நான் அழவில்லை, இதற்குத்தான் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். ஒரு பாட்டி, எழுபது வயசிருக்கும், வெள்ளக்கடையிலிருந்து இறங்கி வந்து, "என் காயிதம் மட்டும் குடுத்துடு சாமி, வேற ஒண்ணும் கேக்கலை" என்றார். வீட்டு ஓனரிடம் ஆறு தடவை போனேன். கடைசியில் அவர் மனைவி இரக்கப்பட்டு, பீரோவை மட்டும் திறக்கச் சம்மதிக்க வைத்தார், அதற்கே டிசம்பர் ஆகிவிட்டது. மக்கள் அமைப்புகளில் இருப்பவர்களுக்குக் கைகூப்பிச் சொல்கிறேன், அசல் காகிதம் ஒரு ராத்திரி கூட உங்கள் அலுவலகத்தில் தங்க வேண்டாம்.

இதற்குப் பிறகுதான் சட்டம் படித்தேன். கம்பெனி திவாலானால் 2016 திவால் சட்டப்படி தீர்ப்பாயத்துக்குப் போகும், யாருக்கு முதலில், யாருக்கு அப்புறம் என்று ஒரு வரிசை உண்டு, அதில் தொழிலாளர் சம்பளப் பாக்கிக்கு மேலே ஓர் இடம் உண்டு. எங்களுடையது ட்ரஸ்ட். அந்தக் கம்பெனி வழி ட்ரஸ்ட்டுக்குக் கிடையாது, ஆகவே வரிசையும் கிடையாது, யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு. முந்தியவர்கள் கட்டட ஒப்பந்தக்காரரும் பேங்க்கும். ஒரு பொலிரோ வண்டி வெளிநாட்டுப் பணத்தில் வாங்கியது, அதை யார் விற்கலாம் என்பதிலேயே தகராறு, குப்பனூர் ரோட்டில் அரைகுறைத் தூண்களுக்கு நடுவில் டயர் இறங்கி நிற்கிறது.

பி.எஃப். பாக்கிக்கு மட்டும் சட்டத்தில் முதல் உரிமை உண்டு, மற்றக் கடனெல்லாம் அதற்குப் பின்னால்தான். அதனால் நான் முதலில் பி.எஃப். குறைதீர்ப்புத் தளத்தில் புகார் போட்டேன், சம்பளச் சீட்டுகளையும் பாஸ்புக்கையும் இணைத்து. நீங்களும் வேலையில் இருக்கும்போதே சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், வருகைப் பதிவு எல்லாவற்றையும் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள், அலுவலக மெயிலை அன்று ராத்திரியே மூடிவிட்டார்கள். பாக்கி எவ்வளவு என்று முடிவு பண்ணும் 7ஏ விசாரணை நடந்தது, எட்டு வாய்தா, சேலம் பி.எஃப். ஆபீஸ் படிக்கட்டு எத்தனை என்று எனக்கு மனப்பாடம். அமைப்பின் பேங்க் கணக்கில் மிச்சமிருந்ததை முடக்கி எடுத்து, 2024இல் 36,000 கணக்கில் ஏறியது. திரும்பி வந்தது அது ஒன்றுதான்.

கிராஜுவிட்டிக்கு வேலை போன 30 நாளுக்குள் எழுத்தில் விண்ணப்பம் கொடுக்கச் சொல்கிறார்கள், நான் ஏழு மாதம் கழித்துக் கொடுத்தேன், சாருக்கு மனசு கஷ்டப்படும் என்று. தாமதத்துக்காக உரிமை போய்விடாது, ஆனால் காரணம் சொல்லி நிற்க வேண்டும். தொழிலாளர் துறை அதிகாரி எனக்குச் சாதகமாகத்தான் உத்தரவு போட்டார். அதை வசூலிப்பது கலெக்டர் வழியாக, நில வரி பாக்கி மாதிரி. அதனால் ஒரு திங்கட்கிழமை நானும் மனுவோடு கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றேன். ஒன்பது வருஷம் மற்றவர்களைக் கொண்டுபோய் நிறுத்திய அதே வரிசை. டோக்கன் கொடுக்கிறவர், "என்ன மேடம், இன்னிக்கு யாருக்கு?" என்றார். சம்பளப் பாக்கிக்கு மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும், போட்டிருக்கிறேன், நடக்கிறது.

தூக்கம் வராத ராத்திரிகளில் அமெரிக்காவில் ஏகார்ன் என்ற அமைப்பு விழுந்த கதையைத் தேடிப் படித்தேன். 1970இல் ஏழைகளுக்காகத் தொடங்கியது, பல லட்சம் உறுப்பினர்கள். நிறுவனரின் சகோதரர் 1999, 2000 வாக்கில் கிட்டத்தட்ட பத்து லட்சம் டாலரைக் கையாடினார், அதைப் புத்தகத்தில் 'கடன்' என்று எழுதிவைத்து எட்டு வருஷம் சொந்த உறுப்பினர்களுக்கே சொல்லவில்லை. 2008இல் வெளியே வந்தது, மறு வருஷம் ஒளித்தெடுத்த வீடியோ ஒன்று, அரசு நிதி நின்றது, 2010இல் திவால். எங்கள் சார் கையாடியவர் இல்லை, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் அந்தக் 'கடன்' என்ற சொல்லைப் படித்ததும் என் கையெழுத்தில் இருந்த 'அட்வான்ஸ்' வவுச்சர்கள்தான் கண்ணில் நின்றன. ஏதாவது ஒரு கூட்டத்தில் எழுந்து, இந்த அட்வான்ஸ் எப்போது திரும்பும் என்று மினிட்ஸில் பதியும்படி நான் கேட்டிருக்கலாம். நல்ல காரியம் பண்ணுகிற இடத்தில் கணக்குக் கேட்பது துரோகம் மாதிரி ஒரு காற்று அங்கே எப்போதும் இருந்தது, நானும் அந்தக் காற்றை ஊதியவள்தான், புதுசாக வந்த பிள்ளைகள் கேட்டால் "முதல்ல வேலையைப் பாருப்பா" என்றிருக்கிறேன்.

சங்கிலியை 2023இல் மீட்டேன், இப்போது ஒரு பள்ளியில் அலுவலகக் கணக்கு. மளிகைக்காரருக்கு மாசம் இரண்டாயிரமாகக் கொடுத்து முடித்தேன். கடைசித் தவணை அன்று நோட்டில் என் பெயர் இருந்த பக்கத்தைக் கிழித்து என்னிடமே கொடுத்துவிட்டு, தட்டுவடை செட் சாப்பிடச் சொன்னார், மலையில் செய்வது சேலத்து ருசி வராது, சாப்பிட்டேன். பீரோவில் இருந்த 43 குடும்பத்துக் காகிதங்களில் 41 கொடுத்தாகிவிட்டது. மற்ற இரண்டு குடும்பமும் மிளகு எஸ்டேட் வேலைக்குக் கேரளா பக்கம் போய்விட்டார்கள், மே மாதச் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வருவார்கள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். போன வருஷம் போய் நின்றேன், வரவில்லை. காகிதம் பிளாஸ்டிக் கவரில் என் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது, இந்த மே மாதமும் லீவு சொல்லி வைத்திருக்கிறேன்.